திருகோணமலையில் கப்பல் எண்ணிய கதை

யுத்த காலத்தில் துறைமுகக் கரையில் நின்று, கப்பல்களை எண்ணிக் கொப்பியில் குறித்துக்கொண்ட ஒரே யாழ்ப்பாணத்து முட்டாள் நானாகத்தான் இருப்பேன். அதையும் இரகசிய எழுத்தில் குறித்தேன்.

யப்பான்காரன் குண்டு போட்டுச் சில மாதங்கள். மாகோவில் ரயில் மாறி, காலை ஏழு மணிக்குத் திருகோணமலையில் இறங்கினேன். கையில் சுருட்டுப் பெட்டி. துறைமுகக் கூலியாட்களுக்குச் சாமான் விற்கும் அனுமதி கிண்ணியா உதுமான் முதலாளியிடம் இருந்தது. அவர் வாங்கினால் எங்கள் சுருட்டுக் கடை தப்பும், இல்லையென்றால் மூடவேண்டியதுதான்.

ஒன்பது மணிக்குக் கடற்கரை வழியே என்னைத் தன் கடைக்கு அழைத்துப் போனார்.

"கட்டு இரண்டரை ரூபாயா? விலை கூட, தம்பி."

"சத்தியமா முதலாளி, எனக்கே இரண்டேகால் முடியுது."

அவர் யாருடனோ கதைக்க நின்றார். கப்பல் கூடினால் கூலியாள் கூடும், சுருட்டும் கூடும் என்று நான் கொப்பியை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் கழுத்தைப் பிடித்தது.

காவல் கொட்டிலில் என்னையும் முதலாளியையும் ஒரே வாங்கில் இருத்தினார்கள். வாசலில் துவக்கோடு ஒருவன். முதலாளியின் அனுமதிப் பத்திரம் வெள்ளைக்காரத் துரையின் கைக்குள். மொழிபெயர்க்க வந்த கிளாக்கர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, பகிடி விடாதேங்கோ. ஒற்றன் எண்டால் சுடுவாங்கள். இது என்ன எழுத்து?"

பகிடி எங்கே வரும்? உள்ளதைச் சொன்னேன்.

"கடை எழுத்துத் தம்பி. வாங்கிற ஆளுக்கு விளங்காமல் எங்களுக்கு முடியிற முதல் விலையைக் குறிக்கிறது. பத்து இலக்கத்துக்குப் பத்து எழுத்து. சுருட்டுக் கட்டிலயும் இருக்கு."

துரை ஏதோ உறுமினார். கிளாக்கர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பத்தையும் இதில எழுதட்டாம். நான் வாசிச்சுப் பார்க்கிறன்."

முதலாளியைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அப்பன் காலத்திலிருந்து காத்த எழுத்து. வாசலில் துவக்கு அசைந்தது. எழுதினேன், பெரிதாக.

கிளாக்கர் முதலில் கொப்பியை வாசித்தார்: "கப்பல் பதினொன்று. சுருட்டு ஐம்பத்தைந்து கட்டு." பிறகு பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்து அதிலிருந்த விலைத் துண்டைப் பார்த்தார். குரல் கொட்டில் முழுக்கக் கேட்டது: "ஒரு ரூபாய் பத்துச் சதம்."

துரை சிரித்துவிட்டார். கொப்பித் தாளைக் கிழித்துக்கொண்டு, பத்திரத்தை முதலாளியிடம் நீட்டி, எங்களைப் போகச் சொன்னார். முதலாளி சிரிக்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணி. வெயிலில் அவருக்குப் பின்னால் ஓடினேன். உயிரோடு ஊர் போகலாம். ஆனால் எந்த முகத்தோடு?

"முதலாளி, கோவிக்காதேங்கோ. இப்ப உண்மையான விலை சொல்லட்டே?"

அவர் திரும்பாமலே சொன்னார்: "எழுதிக் காட்டுங்க. எனக்கும் இப்ப வாசிக்கத் தெரியும்."