கீமேன் ஏசுதாஸ் எடுத்த படம்

ஏசுதாஸ் மேல் எனக்குப் பதினோரு வருஷக் கோபம். என் தங்கை கல்யாணத்தன்று தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, தண்டவாளத்தோரம் விறைப்பாக நின்று, "அண்ணே, ஒரு படம்" என்றேன். நடையைக்கூட நிறுத்தவில்லை. "இதுக்கெல்லாம் ஸ்டுடியோக்காரன் கீறான்" என்று போனார். அடுத்த வாரம் கல்தூசி அப்பிய கிழிந்த டவுசரோடு நான் பீடி பற்றவைத்தபோது எடுத்து, அதை என் மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ரயில்வேயில் கீமேன். தோளில் நீளச் சுத்தி, கையில் கொடி, கழுத்தில் டப்பா கேமரா. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தினம் ஆறு கிலோமீட்டர் ஸ்லீப்பர் கட்டை கட்டையாக நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகளைத் தட்டி இறுக்குவார். எங்கள் கல் குவாரியும் குவாரிச் சனத்தின் குடிசைகளும் அந்த வழியில்தான். தண்டவாளத்தில் புடவை காயப்போடும் சவரியம்மாள், ஜல்லி வேகன் நிழலில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள், கைகாட்டி மரத்தில் கட்டிய ஆடு, எதையும் விடமாட்டார். முதலில் படம், பிறகு திட்டு.

"தாயே, வண்டி வர்ற நேரம், பொடவய எடு!"

"படம் புட்ச்சப்போ மட்டும் வண்டி வர்லியா?" என்பாள் சவரியம்மாள்.

யாராவது கேமராவைப் பார்த்தால் கீழே இறக்கிவிடுவார். "என்னிய இன்னாத்துக்குப் பாக்கற? வேலயப் பாரு." படத்தின் பின்னால் ஆள் பேர் எழுதுவதில்லை. ரயில்வே டயரி மாதிரி கிலோமீட்டர் கல், தேதி, மணி. அவ்வளவுதான்.

போன மாதம் குவாரியில் பாறை சரிந்து தாண்டவராயன் செத்தான். "அப்டி ஒருத்தன் எங்கிட்ட வேலயே செய்யல" என்றார் காண்ட்ராக்டர். பதிவேட்டில் அவன் பேர் இல்லை. எங்கள் யார் பேரும்தான் இல்லை. நஷ்டஈடு கேட்டுக் காஞ்சிபுரம் லேபர் ஆபீசுக்குப் போன அவன் பெண்டாட்டி கங்கம்மாள் ஒரு படத்தை நீட்டினாள். மடிப்புக் கலையாத சட்டை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி. "இதுல குவாரி எங்கம்மா?" என்றாராம் ஆபீசர். வீட்டில் இருந்த மூன்று படமும் அதே மாதிரிதான். கல்லுடைக்கிற கோலத்தைப் படம் பிடித்து யார் வீட்டில் மாட்டுவார்கள்?

நேற்று சாயந்திரம் ஏசுதாஸ் என் குடிசைக்கு வந்தார். கையில் ஒரு படம். பின்னால் 46/9, 12-3-91, காலை 10.20. தாண்டவராயன் சாவதற்கு நாலு நாள் முந்தி. குவாரிக்குள் நானும் அவனும் துளை போடும் மிஷினைப் பிடித்திருக்கிறோம். என் முகம் பளிச்சென்று இருந்தது. அவன் குனிந்திருந்தான். முதுகும் தலைத்துண்டும்தான் தெரிந்தன.

"என் தப்புதான்டா, ரகுபதி. 'கொஞ்சம் நிமிரு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

விடிந்தால் அதே காண்ட்ராக்டரிடம்தான் எனக்கு வேலை. உள்ளேயிருந்து என் பெண்டாட்டி சசிகலா, "அண்ணே, இவரு சாச்சி சொன்னா எங்க பொயப்பே பூடும்" என்றாள்.

"பூடும்மா" என்றார். மறுக்கவில்லை.

படத்தில் அந்த முதுகின்மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

"திங்கக்கெழம எங்கூட காஞ்சிவரம் வா. இது யாருன்னு கேப்பாங்க. நீதான் சொல்லணும்."