கேரவன் கைப்பிடியில் கரண்டு

என் மாமியாருக்கு வலி என்றால் சொல்லவே வராது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப் போனபோதுகூட மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் போய் நின்றவர். அப்படிப்பட்டவர் ஒரு காலை, ஈரத்துணியும் கையுமாக அடுப்படிக்கு வந்து, "அந்தக் கதவுக் கம்பியத் தொடச்சா கை சுள்ளுங்குதும்மா" என்றார். நான் அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அவர் சொன்னது எங்கள் கேரவனின் கதவோரக் கைப்பிடியை. பொகவந்தலாவைப் பாதையோரம், எங்கள் வீட்டுக்கு மேலே மரக்கறி போடும் துண்டு நிலத்தில் அது நின்றது. வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு அது. கட்டில், குளிர்பெட்டி, சின்ன அடுப்பு எல்லாம் உள்ளேயே உண்டு. பழசாக வாங்கி, என் கணவர் மாதக்கணக்கில் ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார். அந்த மேட்டுக்கு மின்சாரம் வராததால் ஜெனரேட்டர். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது எங்கள் திட்டம். முதல் விருந்தாளிகள் அன்று மாலை கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது.

கணவர் போய்க் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். அட்டைக்குப் பயந்து காலையில் மாட்டுகிற ரப்பர் பூட்ஸை அவர் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார். அந்தப் பூட்ஸோடுதான் நின்றார்.

"ஒண்ணுமே இல்லியே. அம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈரப் புல்லில் நின்று புறங்கையால் தொட்டேன். செய்யக் கூடாத வேலைதான். முழங்கை வரை வெட்டி இழுத்தது. நேரே போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

"எர்த் அடிச்சிருக்கேன்ல, அங்க பாரு" என்றார் கணவர். அடித்துத்தான் இருந்தார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு செப்புத் தண்டு, பாதிக்கு மேல் மண்ணுக்குள். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அவ்வளவு பெருமை.

பஜாருக்கு இறங்கி, வயர்க் கடைக்கார நானாவிடம் சங்கதியைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தண்டு ஜெனரேட்டருக்கு. கேரவன் உடம்புக்கு என்ன குடுத்திருக்கீங்க?"

ஒன்றும் கொடுக்கவில்லை. ஜெனரேட்டரிலிருந்து கேரவனுக்கு வந்தது இரண்டு கம்பி வயர். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கல்யாணமோ சாவோ, பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து இரண்டு கம்பி இழுத்துப் பல்பைத் தொங்கவிட்டுப் பழகியவர்கள் நாங்கள். பல்பு எரிந்துவிட்டால் எங்களுக்குக் காரியம் முடிந்தது. எர்த்துக்கு மூன்றாவது கம்பி ஏன் என்று கேட்க ஆளில்லை.

மூன்று கம்பி வயரும், மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்திவிடும் ட்ரிப் சுவிட்சும் வாங்கி வந்தேன். மூன்றாவதான பச்சைக் கம்பியின் ஒரு நுனியை ஜெனரேட்டரின் உடம்பிலும் மறு நுனியைக் கேரவனின் இரும்புச் சட்டத்திலும் கணவரே முறுக்கினார். முணுமுணுத்துக்கொண்டுதான். பிறகு கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைக் கிளப்பினார். சுவிட்சைத் தூக்கிய மறுகணம் அது டக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது.

"இருந்த லைட்டையும் கெடுத்துட்ட. பழைய வயரையே மாட்டுவோம். இத்தன நாளு எரிஞ்சுச்சுல்ல?"

"விழுறதுதாங்க அதோட வேல. உள்ள எங்கயோ கரண்டு தகரத்துல படுது. அதத்தான் சொல்லுது."

"வர்றவங்க இருட்டுலயா இருப்பாங்க?"

பழைய வயரை எடுக்க அவர் குனிந்தார். நான் முந்திக்கொண்டேன். கொட்டகையில் சொருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவி, அந்த வயரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். தேயிலைச் செடியை வெட்டும்போதுகூட எனக்குக் கை அவ்வளவு திடமாக இருந்ததில்லை. அவர் என்னை முறைத்துவிட்டு, போய்க் கல்லில் உட்கார்ந்தார்.

குளிர்பெட்டியைக் கழற்றினோம், அடுப்பைக் கழற்றினோம், பல்பு ஒவ்வொன்றாகக் கழற்றினோம். சுவிட்ச் விழுந்துகொண்டேதான் இருந்தது. அதற்குள் மழை தூறத் தொடங்கி, விருந்தாளிகளின் வண்டியும் வந்து நின்றது. ஒரு கணவன், மனைவி, மனைவியின் வயதான அம்மா.

நாங்கள் வாங்க என்று சொல்லும் முன்பே அந்தப் பெண் கேரவனைப் பார்க்க ஓடினாள். வீட்டுக்குள் செருப்போடு ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கேரவன் வாசலிலும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டு அவள் சப்பாத்தைக் கழற்றினாள். நனைந்த புல்லில் வெறுங்காலோடு நின்று, மழை வடிந்த கைப்பிடியை முழுக்கையால் இறுகப் பிடித்து ஏறினாள். ஏறிவிட்டு, தன் அம்மாவுக்குக் கை கொடுத்தாள்.

ஜெனரேட்டர் ஓடவில்லை. ஓடியிருந்தால்? திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் பார்வை அவளுடைய வெறுங்காலிலிருந்து தன் ரப்பர் பூட்ஸுக்கு வந்தது. கல்லிலிருந்து எழுந்து போய், நான் சொல்ல வேண்டியதை அவரே சொன்னார்.

"இதுல இன்னைக்குக் கரண்டு குடுக்க முடியாதுங்க. பழுது இருக்கு. எங்க வீட்டுல தங்குங்க, நாங்க இங்க படுத்துக்கிறோம்."

அவர்கள் முகம் சுளிக்கவில்லை. மாமியார் சுட்ட ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு எங்கள் கட்டிலில் நன்றாகவே தூங்கினார்கள்.

காலையில்தான் பழுது அகப்பட்டது. கேரவன் வந்த புதிதில் நல்ல நேரம் பார்த்துக் கதவுக்கு மேலே முருகன் படம் மாட்டியிருந்தோம். அதற்காகக் கணவர் முடுக்கிய திருகாணி, சுவருக்குள் ஓடிய வயரைக் குத்திக்கொண்டு வெளித்தகரம் வரை போயிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிய நாங்கள் சாமிப் படத்தில் மட்டும் கை வைக்கவில்லை. யாருக்குத் தோன்றும்? படத்தை இறக்கி, திருகாணியைக் கழற்றி, வயரை மாற்றியதும் சுவிட்ச் தூக்கிய இடத்திலேயே நின்றது.

மாமியார் அந்த ஆணியை உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகனிடம் கேட்டார்.

"நேத்து காலையில நான் சொன்னப்ப நீ நம்புனியாப்பா?"

அவர் மழுப்பப் பார்ப்பார் என்று நினைத்தேன். "இல்லம்மா" என்றார்.

"இனிமே நம்பு" என்று சொல்லிவிட்டு, மாமியார் தேத்தண்ணி போடப் போனார்.