ஏவுகணை வாங்கும் வீட்டுக்குப் போன தேயிலை

என் மகள் அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டு ஐயா, ராணுவத்துக்கு ஏவுகணை வாங்கும் ஆபீசில் பெரிய ஆள். விற்க வருகிறவர்களை வீட்டுக்கும் கூப்பிடுவார். மகள் தேநீர் கொண்டுபோய் வைப்பாள்.

எனக்கு இலங்கையில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் தூள் சலிக்கிற வேலை. அவள் புறப்பட்டபோது நல்ல தூளாகப் பார்த்து ஒரு பை வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை நம்ம தேயிலையைக் குடிக்கட்டும் என்றுதான். அவள் விருந்தாளிகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"எல்லாரும் ரெண்டாவது கப்பு கேட்டாங்கப்பா" என்று போனில் சிரித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொன்னேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் பையன்கள் விடவில்லை.

"என்ன மாமா, ராக்கெட்டே ஒங்க தூள்லதான் ஓடுதாமே?"

அதுவும் இனித்தது. ஊரிலிருந்து யார் அந்தப் பக்கம் போனாலும் ஒரு பை கொடுத்தனுப்பினேன்.

விற்க வருகிறவர்கள் மேசையில் ஏவுகணைப் படத்தை விரித்துப் பேசுவார்களாம். இவளுக்குப் பாஷை தெரியாது என்று அவர்கள் நினைப்பு.

"அப்பா, இங்கருந்து விட்டா அடுத்த நாட்டுல ஒரே ஒரு வீட்ட பாத்து அடிக்குமாம்."

"அடுத்த நாட்டுக்காரன்கிட்டயும் இருக்குமேம்மா?"

"இருக்காம். அதுக்குத்தான் இவங்களும் வாங்குறாங்களாம்."

மகளின் வேலை ஒப்பந்தக் காலம் முடிந்தது. வீட்டுக்கு வருகிறேன் என்றாள். ஐயா பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. ஏவுகணை பேசி முடித்து வந்து சேர வருஷங்கள் ஆகுமாம். அதுவரை ஆட்கள் வருவார்கள், நீ போனால் தேநீர் யார் போடுவது என்றாராம்.

அப்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. "கொஞ்சம் இரும்மா" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

இப்போது அங்கே சண்டை. இவர்கள் வாங்கியது இன்னும் வரவில்லை. அடுத்த நாட்டுக்காரனுடையது வந்து விழுகிறது. ஜன்னல் ஆடுகிறது என்கிறாள். வீட்டுக்காரர்கள் நிலவறைக்கு இறங்கினால், இவள் தேநீர்த் தட்டோடு பின்னால் இறங்குகிறாள்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்த சமயம், பக்கத்து லயத்துப் பெண் அந்த ஊருக்குப் போனாள். அவளிடம் ஒரு பை கொடுத்தேன். நல்ல தூள் இல்லை. சலித்துக் கழித்த நாரும் தூசியும். நாங்கள் வாயில் வைக்க மாட்டோம்.

"இதையே போட்டுக் குடும்மா. துப்புனாங்கன்னா ஒன்னய விட்டுருவாங்க" என்று மகளிடம் போனில் சொன்னேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அடுத்து போன் வந்தபோது கேட்டேன்.

"குடிச்சாங்களா?"

"குடிச்சாங்கப்பா. பாலும் சீனியுமா அள்ளிப் போட்டுக்கிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டாவது கப்பு கேட்டாங்க."

அங்கே அபாயச் சங்கு ஊதியது. வைத்துவிட்டாள்.

ஐயா இன்னொரு பை கேட்டாராம். நான் அனுப்பவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள்.