முகூர்த்தப் புடவை பில்

ஆரணியில் ஒரு பட்டுக்கடை முதலாளிக்கு பில் போடும் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவருடைய எல்லாக் கிளைகளுக்கும் ஒரே டேட்டாபேஸ். அதில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால், மதியம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு பில்லை நிறுத்திவைப்பேன். கல்யாண சீசனில் கூட்டம் இல்லாத நேரமே கிடையாது. "இன்னொரு தடவ நிறுத்துனீங்கன்னா வேற ஆள பாத்துக்குவேன்" என்றுவிட்டார். என் வீட்டில் அடுப்பு எரிவதே அவர் ஒருவரால்தான்.

அதனால் பழைய முறையை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு மென்பொருள் கருவியைப் பிடித்தேன். வியாபாரம் நடக்கும்போதே பில் விவரங்களைப் புது வடிவில் நகல் எடுத்துக்கொண்டே வரும். எடுத்து முடித்ததும் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வைத்துவிடும். கண்மூடித் திறக்கும் நேரம்தான் ஆகும். வீட்டு லேப்டாப்பில் அதை ஓடவிட்டு, பெருமையடித்துக்கொள்ளக் கடைக்குப் போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அங்கே ஒரு கல்யாணக் கோஷ்டி. முகூர்த்தப் புடவைக்கு பில் போட ஆரம்பித்த பிறகு, மாப்பிள்ளையின் அத்தைக்கு பார்டர் பிடிக்காமல் போய்விட்டது. பழையதைத் தள்ளுவதற்கு முன், பாதியில் நிற்கும் பில் முடியும்வரை என் கருவி காத்திருக்கும். அது காத்திருக்கும்வரை மற்ற எல்லா பில்லும் அதன் பின்னால் காத்திருக்கும். இது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாக் கிளைகளிலும் பில் திரைகள் அப்படியே நின்றுவிட்டன.

"அந்த பில்ல கேன்சல் பண்ணுங்க" என்று கவுன்டர்காரரின் காதில் சொன்னேன்.

"இன்னா சார் பேசுறீங்க? முகூர்த்தப் பொடவ! சம்பந்திங்க எதிர்ல கேன்சல்னு வாயில வருமா?"

வீட்டுக்குப் போய் கருவியை நிறுத்தலாமென்று வண்டிச் சாவியை எடுத்தேன். முதலாளி வழிமறித்தார்.

"பேஜார் பண்ணிட்டு எங்க கெளம்பிகினு இருக்கீங்க?"

சரிசெய்யத்தான் போகிறேன் என்றேன். நம்பவில்லை. வந்தவாசிக் கிளையிலிருந்து அவருக்கு ஃபோன் மேல் ஃபோன். அத்தை அரக்கு நிறப் புடவையை எடுத்தார், பச்சையை விரித்தார், மறுபடி அரக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே.

கடைசியில் முதலில் எடுத்த புடவையையே பேக் பண்ணச் சொன்னார். பில் வெளியே வந்தது. கருவி கண்மூடித் திறப்பதற்குள் தன் வேலையை முடித்தது. எல்லாக் கிளைகளிலும் பில் ஓட ஆரம்பித்தது.

முதலாளி கத்தியிருந்தால் தேவலை.

"முன்னாடி நிறுத்துனாலும் சொல்லிட்டு நிறுத்துவீங்க. நாங்களும் ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார். "நாளைக்கி வேற ஒருத்தர் வராரு. பாஸ்வேர்டெல்லாம் அவர்கிட்ட குடுத்துடுங்க."