ஈரத்தோலில் குத்திய சங்கீதம்

போன புதன்கிழமை காட்பாடி ரயிலடியில் இறங்கினேன் பாருங்கள், மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. எழுபது வயசாகிறது, குடை எடுத்துக்கொண்டு போகிற புத்தி இன்னும் வரவில்லை. தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி அடுப்போரம் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் கிளம்பியது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இன்னா பெரிம்மா, எலி ஏதாவது செத்துக் கெடக்குதா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். செருப்புத் தோல்தான் என்றேன். அவள் போனதும் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் நைனா மேல் அடிக்கிற வாசம் அது. அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் வேலை அவருக்கு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின தோலைக் குனிந்து இழுத்துப் போடுவார், மயிர் வழிப்பார், அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் முக்குவார். ஞாயிற்றுக்கிழமை சவுக்காரம் தேய்த்துக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேதக் கோவிலுக்கு வந்தாலும் வாசம் விடாது. எங்கள் வரிசையில் மட்டும் எப்போதும் தாராளமாக இடம் இருக்கும். எல்லாரும் ஆண்டவர் பிள்ளைகள் என்று பாடிவிட்டு ரெண்டு முழம் தள்ளி உட்காருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நைனா கண்டுகொள்ள மாட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் மூணு வருஷம் படித்திருந்தார். வேதப் புத்தகத்தை மடியில் வைத்து வரிக்குக் கீழே விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும். ஆனால் தானே படிப்பார், யாரையும் படித்துக்காட்டச் சொல்ல மாட்டார்.

அம்மா தவறிப்போன மறு வருஷம் அது நடந்தது. நனைந்த மாட்டுத்தோல் ஒன்று கைநழுவித் தொட்டிக்குள் விழ, சுண்ணாம்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. ஒரு கண் அன்றைக்கே போயிற்று. இன்னொன்று ஆறு மாதத்தில் மங்கி மங்கிப் போயிற்று. முதல் மகாயுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்கு அப்போது பதினெட்டு.

இதில் ஒரு கூத்தைக் கேளுங்கள். அதே வருஷம்தான் எனக்கு வேலூரில் வேலை கிடைத்தது, அதுவும் கண் தெரியாதவர்களுக்கு வேதம் எழுதுகிற வேலை. வெள்ளைக்காரத் துரைசானியம்மா ஒருத்தர் வாடகை வீட்டில் அதை நடத்திவந்தார். எழுதுவது என்றால் மையும் பேனாவும் இல்லை. கெட்டிக் காகிதத்தைப் பித்தளைச் சட்டத்தில் மாட்டி, விரலால் தடவிப் படிக்கிற மாதிரி மொட்டை ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். குத்துவது பின்பக்கம், புடைப்பது முன்பக்கம். அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றிக் குத்தணும். முதல் மாதம் எனக்கு வலது கை எது இடது கை எது என்றே மறந்துபோயிற்று. ஒரு சுவிசேஷம் முடிந்தால் தலையணை பருமனுக்கு மூணு புத்தகம் வரும். மூட்டை கட்டித் தபாலில் அனுப்புவோம். பாளையங்கோட்டை, கோலார், ரங்கூன், யாழ்ப்பாணம் என்று எங்கெங்கோ இருக்கிற விரல்களுக்கு அது போகும். அதில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர், மிச்சப் புத்தகம் எப்போது வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

குத்தி முடித்த ஒவ்வொரு தாளையும் தாயம்மாக்கா தடவிப் பார்ப்பார். அம்மை போட்டுச் சின்ன வயசிலேயே கண் போனவர். அவர் விரலால் தடவி உரக்கப் படிக்க, நான் அச்சுப் புத்தகத்தை வைத்துச் சரிபார்ப்பேன். ஒரு வார்த்தை விட்டிருந்தாலும் தாள் குப்பைக்குப் போகும். ஒருநாள் வம்ச வரலாறு வருகிற இடத்தில் நாலு பேரை விழுங்கிவிட்டேன். வாயில் நுழையாத பேர்கள், யாருக்கு நஷ்டம் என்றேன். "நம்ம கை தபால்காரன் கை. கடுதாசியில இன்னா இருந்தா அவனுக்கு இன்னா? கொண்டும்போய் குடுக்கறதுதான் அவன் வேலை" என்றார். மறுபடி உட்கார்ந்து குத்தினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறி ஆம்பூர் போவேன், ஞாயிறு நாலு மணி ரயிலில் திரும்புவேன். மற்ற நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நைனாவுக்குச் சோறு கொடுப்பார்கள். முதல் தாளை நைனாவிடம் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அவர் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். "ஒண்ணும் தெரியலியேம்மா. எல்லாம் வழவழன்னு கீது" என்றார். அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். முப்பது வருஷச் சுண்ணாம்பும் பட்டைத் தண்ணீரும் விரல் நுனியைக் காய்ந்த வறட்டியாக்கி வைத்திருந்தன. எங்கேயோ ரங்கூனில் முகம் தெரியாத ஒருவருக்கு நான் குத்தின புள்ளி தெரிகிறது, பெற்ற நைனாவுக்குத் தெரியவில்லை.

வழி சொன்னவர் நைனாதான். "காயிதம் வேணாம். தோல்ல குத்து. தோலுன்னா என் கைக்குத் தெரியும்" என்றார். ஆட்டுத்தோலை ஈரமாக வைத்து, ஆணியின் மொண்ணை முனையால் பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் துவரம்பருப்பு அளவுக்குப் புடைக்கும். நிழலில் மூணு நாள் காய்ந்தால் கல்லு மாதிரி நின்றுவிடும். புள்ளி வரிசையாக விழ, தச்சர் ஒருத்தர் பலகையில் குழி போட்டுக் கொடுத்தார். கிடங்கு முதலாளி சாயபுவிடம் ஓட்டை விழுந்த கழிவுத் தோல் கேட்கப் போனேன். எதற்கு என்றார். சொன்னேன். "வேதம் எழுதவா? ஓட்டையெல்லாம் எதுக்கும்மா, நல்லதா பாத்து எடுத்துக்கோ" என்று உள்ளே கையைக் காட்டினார்.

அந்தப் பெரிய புள்ளிகளை வைத்து நைனா நாலே மாதத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டார். முழுப் புத்தகம் ஆகிற காரியமில்லை, ஆம்பூர் ஆடு பூராவும் பத்தாது. எது வேண்டும் என்று கேட்டேன். வேதத்தில் தாவீது ராஜா பாடின சங்கீதங்களில் ஒன்றைச் சொன்னார். கணக்குப் போட்டால் பன்னிரண்டு தோல். வேலூர் வேலை முடிந்த பிற்பாடு, கிடைத்த நேரத்தில் குத்தினேன். வாரம் ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை. அதற்குள் நைனாவுக்கு நெஞ்சில் சளி கட்டி இருமல் ஆரம்பித்துவிட்டது.

நான் செய்த தப்பு இங்கேதான். அந்தச் சங்கீதம் நம்பிக்கையாய் ஆரம்பித்து நம்பிக்கையாய் முடியும். நடுவில் மட்டும், இத்தனை நாள் எங்கே போயிருந்தீர் என்று ஆண்டவரையே மடக்கிக் கேட்கிற ரெண்டு வரி வரும். அது ஒரு முழுத் தோலுக்கு வரும். கண் போய், பெண்டாட்டி போய், இருமிக்கொண்டு கிடக்கிற மனுஷன் கையில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. விட்டுவிட்டு அடுத்த வரியைக் குத்தினேன். பதினொரு தோலோடு முடிந்தது என்று சொல்லிவிட்டேன். ஊருக்கெல்லாம் ஒரு வார்த்தை குறையாமல் அனுப்புகிறவள், பாசத்தில் செய்கிறோம் என்ற நினைப்பில் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நைனா பாயில் உட்கார்ந்து முதல் தோலிலிருந்து படித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறாவது தோல் முடிந்து ஏழாவதுக்குப் போனவர் நின்றார். திரும்ப ஆறாவதைத் தடவினார்.

"நடுவுல ஒண்ணு காணமே."

"எல்லாம் இருக்குது நைனா."

"இல்ல. ஆண்டவர கேக்கற எடம் இல்ல."

மழுப்ப முடியவில்லை. நோவில் இருக்கிறவருக்கு அது எதற்கு என்றுதான் விட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"யாழ்ப்பாணத்துக்காரருக்கு இப்டி விடுவியா?"

"மாட்டேன்."

"அவருக்கு முழுசு, உன் நைனாவுக்கு மட்டும் கம்மியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் வாயால் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "கோவில்ல பாதிரி அய்யரு படிக்கிறாரு, நீ படிக்கிற. யார் படிச்சாலும் அவங்க கேக்கற மாதிரிதான் கீது. உங்கம்மா போனதுலருந்து நானே ஆண்டவர கேக்கணும்னு கீது. நானே படிச்சாத்தான் நான் கேட்டா மாதிரி. அதுக்குத்தாம்மா இந்த சங்கீதத்தச் சொன்னேன்."

மணி ரெண்டரை. வீட்டில் ஈரத்தோல் இருந்தது, ஆணி இருந்தது, பலகை என் பையிலேயே இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துக்காரரின் கடைசிப் புத்தகம் திங்கட்கிழமைத் தபாலில் போயாக வேண்டும், காலையில் தாயம்மாக்காவோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். கண் போன மனுஷர் எங்களுக்கு மூணு தரம் எழுதிவிட்டார், அங்கே காத்திருக்கிறார் என்று எனக்கு ஒரே பதைப்பு. அடுத்த சனிக்கிழமை கட்டாயம் கொண்டுவருகிறேன் என்றேன். "சரி, போய்ட்டு வா. தூரத்துல கீறவங்க காத்துக்கினு இருப்பாங்க" என்றார் நைனா. ஒரு தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

திங்கட்கிழமை புத்தகம் தபாலில் போயிற்று. செவ்வாய்க்கிழமை அந்த ரெண்டு வரியையும் குத்திப் பலகையில் காயப் போட்டேன். புதன்கிழமை மத்தியானம் ஆம்பூரிலிருந்து ஆள் வந்து நின்றான். அவன் வாயைத் திறக்கும் முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது.

காயாத தோலை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அய்யர் ஜெபத்துக்கு எழுந்து நின்றார். நான் யாரையும் கேட்கவில்லை. நைனாவின் கையை எடுத்து, விரலை அந்தத் தோலில் வைத்து, முதல் வரியிலிருந்து மெதுவாக இழுத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பிடித்து இழுத்தார்கள். ரெண்டு வரியும் முடிந்த பிற்பாடுதான் விட்டேன். ஈரம் காயாததால் விரல் பட்ட இடமெல்லாம் புள்ளி அமுங்கிப்போயிருந்தது.

அந்தத் தோலை மறுபடி குத்திப் பன்னிரண்டையும் தாயம்மாக்காவிடம் கொடுத்தேன், நடந்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தபால்காரியா இருக்க வேண்டிய எடத்துல சொந்தக்காரியா இருந்துட்ட, இன்னா பண்றது" என்று என் தலையைத் தடவினார். வாணியம்பாடியில் சுண்ணாம்பால் கண் போன ஒருத்தர் அதை வாங்கிப் படித்தார். அவரிடமிருந்து பேரணாம்பட்டுக்குப் போயிற்று, அங்கிருந்து யாரோ கோலாருக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. அடுத்த சண்டை வந்ததும் கெட்டிக் காகிதம் கிடைக்காமல் போயிற்று, துரைசானியம்மா கப்பல் ஏறினார், தாயம்மாக்கா அந்த வீட்டிலேயே கண் மூடினார். வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். கிடங்குகளில் ஆவாரம்பட்டை போய் ஏதேதோ மருந்து வந்துவிட்டது. கோவிலில் எங்கள் வரிசையில் இப்போது யார் யாரோ நெருக்கி உட்காருகிறார்கள்.

நைனா போய் ரெண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து கடுதாசி வந்தது. அவர் சொல்லத் தம்பி எழுதினது. ஒரு வார்த்தை குறையாமல் இருக்கிறது, குத்தின கைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்று இருந்தது. தாயம்மாக்காவுக்கு நான்தான் உரக்கப் படித்தேன். கடைசியில், தாமதமாக எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். அந்தக் கடைசிப் புத்தகம் வந்து ஒரு மாதம் பிரிக்காமலே கிடந்ததாம்.