ஒரு குடம் ஊற்றுத் தண்ணீர்

எங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீரை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இனிப்பான தண்ணீர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதைக் குடித்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் என் இரண்டு வருட உழைப்பைக் கெடுத்தது அதில் ஒரே ஒரு குடம்.

கல்லல் சாலையில் ஒரு சிறிய டைல்ஸ் ஆலை. வெள்ளை டைலில் ஆத்தங்குடிப் பூக்களை இன்க்ஜெட் இயந்திரத்தால் அச்சடித்து, சூளையில் சுட்டு, ஹோட்டல் குளியலறைகளுக்கு அனுப்புவார்கள். மையோ எண்ணெய் மாதிரியான ரசாயனத்தில் கலந்தது. சூளைக்குள் போனதும் அது கருகி, தொண்டையை அறுக்கும் புகை வரும். சூளை வாயில் டைல் அடுக்கும் அக்கா ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். அப்படியும் இருமி இருமிக் கண் சிவந்துவிடும். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

தண்ணீரில் கலந்த மை வந்தால் அந்தப் புகையில் பெரும்பகுதி இருக்காது. அதைச் செய்யத்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். நிறப்பொடியை மாவைவிட நைசாக அரைத்தேன். அரைத்த பொடி ஒன்றோடொன்று ஒட்டாமல் தண்ணீரில் மிதக்க வேண்டும். ஒட்டினால் இயந்திரத்தின் ஊசித் துளைகள் அடைத்துக்கொள்ளும். நாக்குக்கே தெரியாத கொஞ்சம் உப்பு தண்ணீரில் இருந்தாலும் போச்சு, ஒட்டிவிடும். அதனால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்றலாம்.

ஒரு நாள் ஓட்டிப் பார்க்க முதலாளி சம்மதித்தார். காலையில் பூக்கள் அச்சு அசலாக விழுந்தன. நான் தலைகால் புரியாமல், "வெயில்ல மை கெட்டியானா தண்ணி ஊத்துனா போதும், அவ்வளவு சுளுவு" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். எந்தத் தண்ணீர் என்று வாய் திறந்து சொல்லவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேன்தான் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன், முட்டாள்.

பதினோரு மணிக்குப் பின்கட்டில் இருந்த ஆய்வகத்துக்குப் போய்விட்டு அரை மணியில் திரும்பினேன். பூக்களின் நடுவே வெள்ளைக் கோடுகள். என் கேன் மூடி திறக்காமல் மூலையில் கிடந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு காலிக் குடம்.

"நாந்தேன் ஊத்தச் சொன்னேன்" என்றார் முதலாளி, பெருமையாக. "பேட்டரிக்கு ஊத்துற தண்ணியவா வீட்டுல பதிக்கிற டைலுக்கு ஊத்துவாக? நம்ம ஊத்துத் தண்ணிய ஆள் விட்டுக் கொண்டாந்தேம்மா. இதவிட நல்ல தண்ணி எங்குட்டு இருக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடத்தை எட்டி உதைத்தேன். "மையில கோளாறு இல்லண்ணே. இந்தத் தண்ணிதான் கெடுத்துச்சு!"

அவர் முகம் சுருங்கியது. "என்னைய வையிங்க, கேட்டுக்கிறேன். நம்ம தண்ணியக் கொற சொல்லாதீக. இந்தத் தண்ணிக்கே ஒத்துவரலன்னா அது என்னம்மா தண்ணி மை? பழசையே போடுங்க."

கரடியாகக் கத்தினேன். ஊற்றுத் தண்ணீரில் இருந்த உப்பை அளந்து காட்டினேன். இன்னொரு நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. தண்ணீரில் குற்றம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு நாக்கு எழவில்லை. அதனால் குற்றம் மையின் தலையில் விழுந்தது. படித்த மனிதர், வெளிநாடெல்லாம் போய்வந்தவர். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாள் காலை பழைய மை ஓடியது. சூளைப் பக்கம் போனேன். அக்கா அதே குடத்தில் மறுபடி நிரப்பிய ஊற்றுத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நேத்துக் காலையில பூரா நான் துண்டு கட்டவே இல்ல மேடம்" என்றார். "ஒரு இருமல் வரல. பாத்தீகளா?"

நான் பார்க்கவில்லை. காலை முழுவதும் டைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.