வெட்டுக் காயம் இல்லாத ஆப்பரேஷன்

என் அக்கா புருஷன் சிவஞானத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் ஆரம்பிக்கிறேன். ஆனால் அந்த மனுசனை நினைத்தாலே கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே காலத்தை ஓட்டியவர். உழைப்பில் குறை சொல்ல முடியாது. பிடிவாதத்தில்தான் அவரை அடிக்க ஆள் இல்லை.

அறுபதை நெருங்கும்போது அவருக்கு ஒன்றுக்குப் போவதில் சிக்கல் வந்தது. வேலைக்கு நடுவில் தேயிலைக்குள் ஒதுங்கினால் லேசில் திரும்பமாட்டார். சொட்டுச் சொட்டாகத்தான் போகும். முடிந்தது என்று நாலடி வைத்தால் மறுபடியும் முட்டும். லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பிரா வீட்டு நல்லையாவின் வாய் சும்மா இருக்குமா?

"என்னண்ணே, ஒரம் போட்டு முடிஞ்சிச்சா? அந்த மலையில கொழுந்து இனிமே வாளிப்பா வரும்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். மச்சானும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குள் வந்து அக்காமேல் எரிந்து விழுவார்.

ஒரு மழை நாளில் அடியோடு அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாக வீங்கி, மனுசன் சுவரைப் பிடித்துக்கொண்டு துடித்தார். என் ஆட்டோவில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பண்டாரவளை தாண்டி பதுளை போய்ச் சேரும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் "ஐயோ மாப்ள, மெதுவா, மெதுவா" என்று கதறினார். பெரியாஸ்பத்திரியில் குழாய் போட்டு நீரை இறக்கினார்கள். பை நிறைய நிறைய அவர் கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. "உசிரு வந்திருச்சு மாப்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, நர்ஸ் றஷீதா தமிழில் எடுத்துச் சொன்னார்.

"ஐயா, மூத்திரப் பைக்குக் கீழ உள்ள சுரப்பி வீங்கி வழிய அடைச்சிருக்கு. வயித்தக் கிழிக்கிற வேலையெல்லாம் இல்ல. ஒன்னுக்கு வார பாதையாலேயே குழாய விட்டு, அடைக்கிற சதைய மட்டும் சுரண்டி எடுப்பாங்க. வெளிய ஒரு வெட்டுக் காயமும் இருக்காது. சின்ன ஆப்பரேஷன்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதையும் மறைக்கக் கூடாது என்று இன்னொன்றையும் சொன்னார். "இதுக்குப் பொறகு புள்ள உண்டாகுறது கஷ்டம். இந்த வயசுல அது ஒங்களுக்குப் பிரச்சினை இல்லதானே?"

மச்சானின் முகம் கறுத்துப்போனது.

எங்கள் லயத்தில் ஆப்பரேஷன் என்றால் ஒரே ஆப்பரேஷன்தான். "அவ ஆப்பரேஷன் செஞ்சவ" என்றால் கருத்தடை செய்தவள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா பாக்கியலெட்சுமிக்கு முதல் பிள்ளை பிறந்த கையோடு தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்னதுதான், காயமே தெரியாது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லவில்லை, மச்சானிடமும் கேட்கவில்லை. மறுவருசமே அந்தப் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் காம்பிராவில் தொட்டில் கட்டவேயில்லை.

"அன்னிக்கும் இதத்தான் சொன்னானுங்க" என்று மச்சான் கட்டிலை விட்டு எழுந்தார். "என்னையும் காயடிச்சு அனுப்பப் பாக்குறீங்களா?"

றஷீதா பதறிப்போய், "ஐயோ, அது வேற, இது வேற ஐயா" என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன். யார் சொல்லிக் கேட்டார்? மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டார். சில நாளில் குழாயை எடுத்தார்கள். கொஞ்சம் போனது. அது போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஆப்பரேஷனுக்குக் கொடுத்த திகதிக்குப் போகவேயில்லை. நல்லையா கேட்டதற்கு, "எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்தினாராம்.

நீர் முழுசாக இறங்கவில்லை. தேங்கித் தேங்கி, மேலே சிறுநீரகத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வலி இருந்தால் ஓடியிருப்பார். பாழாய்ப்போன அந்த வருத்தத்துக்கு வலி கிடையாது. கால் வீங்கியது, சோறு இறங்கவில்லை, வாந்தி வந்தது. அப்போதும் பித்தம் என்றார்.

கடைசியில் பேசியது என் அக்காதான். அத்தனை வருசமாக அந்த லொறியைப் பற்றி வாய் திறக்காதவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு செஞ்சப்ப என்னைய ஒரு வார்த்த கேக்கல. ஒங்கள கேக்குறாங்க. கேக்குற ஆள்கிட்ட வேணாம்னு சொல்லிப்புட்டு எதுக்குய்யா சாகுறீங்க? புள்ளையும் போயி, நீங்களும் போயிட்டா நான் யார் மூஞ்சியப் பாக்குறது?"

அவர் எழுந்தார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினார். பதுளை வரைக்கும் அக்கா விம்மிக்கொண்டே வந்தாள்.

இரத்தம் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்டதாம். குழாய் போட்டு உடம்பைத் தேற்றிய பிறகுதான் ஆப்பரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்களாம், பாதி முழிப்பில் படுத்திருந்தாராம். வார்டுக்குக் கொண்டுவந்ததும் போர்வைக்குள் கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்க மாப்ள வெட்டுனாங்க?"

"வெட்டவே இல்ல மச்சான்."

"இதுக்கா பயந்தேன்?" என்றார். "இதுக்கா?" எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. ஒன்றும் செய்யாமல் வெளியே போய் நின்றேன்.

குழாயை எடுத்ததும் வருசக்கணக்கில் இல்லாத மாதிரி தடையில்லாமல் போனது. கக்கூசிலிருந்து வந்து சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான். சிறுநீரகம் மீளவில்லை. இப்போது மெஷினில் இரத்தம் கழுவுவதற்காக வாரா வாரம் பதுளைக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். நீரும் குறைந்துகொண்டே வருகிறது.

போன கிழமை ஆஸ்பத்திரிக் கக்கூசுக்கு வெளியே அவருக்காகக் காத்திருந்தேன். வெகு நேரமாகியும் வரவில்லை. கதவைத் தட்டினேன்.

"என்ன மச்சான், மறுபடியும் அடைச்சிருச்சா?"

"இல்ல மாப்ள" என்றார் உள்ளே இருந்து. "வழி நல்லாத்தான் தொறந்திருக்கு. வர்றதுக்குத்தான் ஒண்ணுமில்ல."